கொண்டைத் தாராவின் மண்டை ஓடு

பிள்ளைகளே, உங்கள் புத்தகத்தில் வாத்து என்று இருக்கும் தாராவை எங்கள் வீட்டில் வளர்ப்பதில்லை. வேறு வீடுகளில் தாரா இறைச்சி சமைத்தால் உங்கள் உம்மா அந்தப் பக்கமே போவதில்லை. ஏன் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "வெடுக்கு மணம், உம்மாவுக்கு ஒத்துவராது" என்று சொல்லி முடித்துவிட்டோம். காரணம் மணம் அல்ல. உங்களுக்கெல்லாம் முன்னால் எங்களுக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்து மௌத்தானான். அவனைப் பற்றி இந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை. எழுதலாம் என்று உட்கார்ந்தால், ஒரு தாராவின் தலையில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. என்ன செய்வது, நடந்தது அப்படி.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எலும்பைப் பற்றிப் புத்தகத்தில் படித்ததில்லை. இதில் எழுதியிருப்பது கையால் தொட்டதும் கண்ணால் பார்த்ததும்தான். பிழை இருந்தால், படித்த நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

சூறாவளி அடித்துப் போன அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கத்து வழமைப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. நானும் ஒரு தகரப் பெட்டியோடு உங்கள் உம்மாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அப்போது இந்த வளவில் ஒரு தென்னை கூட நிமிர்ந்து நிற்கவில்லை. விழுந்த மரங்களை அறுத்து வேலியோரம் அடுக்கியிருந்தார்கள். மரம் வேரோடு சாய்ந்த இடமெல்லாம் பெரிய பெரிய குழிகள். மாரி மழைத் தண்ணீர் அதற்குள் தேங்கிக் கிடந்தது. அந்தக் குழித் தண்ணீரைப் பார்த்துத்தான் தாரா வளர்க்கலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது.

உங்கள் உம்மாவைப் பெற்ற தாய் முன்பே மௌத்தாகிவிட்டார். உங்கள் உம்மாவை வளர்த்து ஆளாக்கியது அவருடைய சாச்சி, தாயின் தங்கை. இதே வளவில் அடுத்த வீடு, இடையில் வேலி கிடையாது. சாச்சியும் உங்கள் உம்மாவைப் பெற்றவரும் என் வாப்பாவுக்குக் கூடப் பிறந்தவர்கள். ஆகவே எனக்கு அவர் மாமி. நானும் உங்கள் உம்மாவும் மச்சானும் மச்சியும். இதைக் கவனித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

நான் அப்போது ஒரு நெல் மில்லில் வேலை செய்தேன். மூட்டை நிறுப்பதும் சாக்குத் தைப்பதும் என் வேலை. கூட்டி அள்ளும் குறுணலையும் தவிட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோக முதலாளி விட்டிருந்தார். மாவடிப்பள்ளிப் பக்கத்தில் இருந்து நெல் குற்ற வரும் ஒரு விவசாயி, அறுவடை முடிந்த வயலில் தாரா மேய்ப்பவர். நான் கேட்டதும் சாக்கில் போட்டுச் சில தாராக்களைக் கொண்டுவந்து தந்தார். அவற்றில் ஒரு ஆணுக்கும் ஒரு பெட்டைக்கும் தலையின் பின்பக்கத்தில் கொண்டை இருந்தது. உருண்டையாக, வெள்ளையாக, பின்னால் சரிந்த தொப்பி போல.

"இது ரெண்டையும் தனியாச் சேத்து உடுங்க தம்பி," என்றார் அவர். "கொண்டைக்குக் கொண்டையப் போட்டா மறுகா வளவு முழுக்கக் கொண்டைதான்."

அவர் பொய் சொல்லவில்லை. அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார். நல்ல நெல்லை விதைத்தால் நல்ல நெல் முளைக்கும் என்கிற கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

கொண்டைத் தாரா தெருவில் பேர் எடுத்துவிட்டது. ஆணுக்கு 'ஹாஜியார்' என்று பேர் வைத்தது சாச்சிதான். அது குழியில் இருந்து ஏறி, உடம்பை ஆட்டி ஆட்டி வந்தால், "வழி உடுங்க, ஹாஜியார் வாறாரு," என்பார். பள்ளியில் பாங்கு சொன்னால், "ஹாஜியாரே, தொப்பியும் போட்டுக்கிட்டுக் குழிக்குள்ள என்ன வேல?" என்று கேட்பார். உங்கள் உம்மா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கொண்டைக் குஞ்சு வேண்டும் என்று பலர் கேட்டு வந்தார்கள். நான் கொண்டை இல்லாதவற்றைத் தட்டி கட்டிப் பிரித்தேன். தாரா பொறுமையாக அடை இருக்காது, தெரியுமல்லவா? இங்கே எல்லோரும் செய்வது போல முட்டைகளைக் கோழிக்கு வைத்தேன். சிவப்பு நிறத்தில் ஒரு பேட்டுக்கோழி இருந்தது. எதை வைத்தாலும் அடை இருக்கும். கல்லை வைத்தாலும் இருந்திருக்கும்.

குஞ்சு பொரிக்கும் காலம் வந்தது. சில முட்டைகளில் வெடிப்பே விழவில்லை. உடைத்துப் பார்த்தேன். உள்ளே குஞ்சு உருவாகி, பாதியில் செத்திருந்தது. தலை மேல்பக்கம் மூடாமல் கிடந்தது. அதை யாருக்கும் காட்டாமல் குழியோரத்தில் புதைத்தேன். வெளியில் வந்த குஞ்சுகளில் சிலதுக்குக் கொண்டை இல்லை, சிலதுக்கு இருந்தது. கொண்டை உள்ள குஞ்சுகளில் இரண்டு சரியாக நடக்கவில்லை. கழுத்து பின்னால் வளைந்து, முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டு, அப்படியே மல்லாக்க விழும். விழுந்தால் தானாக எழும்பாது. கால் இரண்டும் காற்றில் நீந்தும்.

உங்கள் உம்மா அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி. அந்த இரண்டு குஞ்சையும் விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. மடியில் துணியை விரித்து, குஞ்சை வைத்து, விரலால் தலையைத் தாங்கிப் பிடித்து, குறுணல் கஞ்சியைத் தீத்துவார். சாச்சி கிணற்றடியில் இருந்து பார்த்துவிட்டு வந்தார்.

"புள்ள, அதத் தூக்கி அங்கால வை. வயித்துப் புள்ளக்காரி மடியில வெக்கிற சாமானா இது?"

"பாவம் சாச்சி. நிக்க ஏலாம விழுகுது."

"விழுந்தா விழட்டும். வானத்தப் பாத்துக் கிடக்கு, மையத்துப் போல. கண்ணால பாக்கிறது வயித்துக்க இறங்கும் கா. நாங்க காணாததா?"

"நீங்களும்தானே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க."

"என்ட வயித்துல இப்ப என்ன கிடக்கு? காலமச் சாப்பிட்ட புட்டுத்தான் கிடக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது கோபமாகச் சொன்ன சொல் அல்ல. இந்த ஊரில் வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு எல்லோரும் சொல்லும் சொல். அதைப் பாக்காதே, இதைத் தாண்டாதே, அந்த நேரத்தில் முற்றத்தில் நிற்காதே. கேட்டுக்கொள்வார்கள், பாதியை மறந்துவிடுவார்கள். குஞ்சுகள் இரண்டும் கொஞ்ச நாளில் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போயின. உங்கள் உம்மா அதற்காகக் கொஞ்சம் அழுதார். பிறகு நாங்கள் பிள்ளைக்குப் பேர் தேடிக்கொண்டிருந்தோம்.

கல்முனை ஆஸ்பத்திரியில் அவன் பிறந்தான். முகம் நல்ல முகம். என்னுடைய மூக்கு. தாதி அவனைக் கொண்டுவந்து காட்டியபோது தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார். ஏன் என்று கேட்டேன். அவர் டொக்டரைக் கூப்பிட்டார்.

பிள்ளையின் பிடரிக்கு மேலே, தலையின் பின்பக்கத்தில், புளிக்குப் பிழிகிற ஒரு தேசிக்காய் அளவில் மென்மையான வீக்கம் இருந்தது. அதன் மேல் தோல் மெலிந்து பளபளத்தது. அதைச் சுற்றி மயிர் அடர்த்தியாக வளர்ந்திருந்தது. எங்களை மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய டொக்டர், வயதானவர், பிள்ளையை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். தலை ஓடு அந்த இடத்தில் மூடவில்லையாம். உள்ளே இருப்பதில் கொஞ்சம் அந்த வழியாக வெளியே வந்துவிட்டதாம். கொழும்பில் வெட்டிச் சரிசெய்யப் பார்க்கலாம், ஆனால் பிள்ளை கொஞ்சமாவது உடம்பு தேறவேண்டும், இப்போது தாங்காது.

"ஏன் டொக்டர் இப்படி?" என்று கேட்டேன்.

"சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகிறது. ஏனெண்டு எங்களுக்கும் சரியாத் தெரியாது," என்றார் அவர்.

உண்மையான மனிதர், தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். ஆனால் பிள்ளைகளே, டொக்டர் தெரியாது என்று விட்ட இடத்தை ஊர் சும்மா விடாது.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஏழாம் நாள் பேர் வைத்து முடி களைவதற்கு ஒஸ்தாவைக் கூப்பிட்டேன். களைந்த முடியின் எடைக்கு வெள்ளிக் கணக்குப் பார்த்துத் தர்மம் கொடுக்கிற வழமை உங்களுக்குத் தெரியும். ஒஸ்தா கத்தியைத் தீட்டி, தண்ணீரைத் தொட்டு, துணியை அவிழ்த்துப் பார்த்தார்.  பிறகு கத்தியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"இந்தத் தலையில கத்தி வெக்க எனக்கு ஏலா தம்பி. அல்லாஹ் மன்னிப்பான்."

நான் சின்னக் கத்தரிக்கோலால் முன்பக்க முடியில் கொஞ்சம் வெட்டி எடுத்தேன். அதை நிறுக்க முடியவில்லை. மில்லில் அத்தனை மூட்டை நிறுத்தவன் நான். ஒரு பிடி கூட வராத முடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு மதிப்பாக ஒரு தொகையைப் பள்ளியில் கொடுத்துவிட்டு வந்தேன். அவனுக்கு வைத்த பேரை இங்கே எழுதவில்லை. உங்கள் உம்மா அனுமதித்தால் வாயால் சொல்கிறேன்.

அவன் பால் குடிப்பான், ஆனால் பாதியில் மறந்துபோவான். அவனை மல்லாக்கக் கிடத்த முடியாது. பக்கவாட்டில் கிடத்தி, தலைக்கு இரண்டு பக்கமும் துணி சுருட்டி வைத்து, உங்கள் உம்மா பக்கத்திலேயே கிடப்பார். சில நேரம் அவன் கழுத்து பின்னால் வளையும். அப்படி வளைந்த ஒரு நாளில் சாச்சி அறைக்குள் நின்றிருந்தார். அவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். அவர் எதைக் கண்டார் என்று எனக்குத் தெரிந்தது. உங்கள் உம்மாவுக்கும் தெரிந்தது.

உடம்பு தேறவில்லை. காய்ச்சல் கண்டது. மட்டக்களப்புக்கு மறுபடியும் கொண்டுபோக ஒரு கார் பேசிக்கொண்டிருந்தபோதே மௌத்தானான். அவனைக் குளிப்பாட்டிக் கபனிட்டு, என் இரண்டு கையில் ஏந்தித்தான் மையவாடிக்குக் கொண்டுபோனேன். மையத்தைத் தூக்கும் சந்தூக்கு தேவைப்படவில்லை.

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது சாச்சி உங்கள் உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார். "நான் சொன்னேனே புள்ள, நான் சொன்னேனே," என்பதைத் தவிர வேறு ஒன்றும் அவர் வாயில் வரவில்லை. அவர் மனம் வெடித்துத்தான் சொன்னார், குற்றம் சாட்டவில்லை. என்றாலும் அந்தச் சொல் உங்கள் உம்மாவுக்குள் இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. சமைத்தார், கூட்டினார், தொழுதார். எல்லாம் நடந்தது. ஆனால் தன்னுடைய கண்ணால்தான் பிள்ளை போனது என்று உறுதியாக நம்பினார். பாயை வேறு அறையில் போட்டார். நான் ஏதாவது ஆறுதல் சொல்லப் போனால், "எனக்கு வேற புள்ள வேணாம் மச்சான். பாத்துப் பாத்து இன்னொண்டையும் கெடுப்பன்," என்பார். கதை அதோடு முடியும்.

தாராக்களை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சொன்னேன். அதற்கும் விடவில்லை. "அந்த வூட்டுல ஒரு வயித்துப் புள்ளக்காரி இருந்தா? அவளும் பாப்பாளே," என்றார். ஆகவே தாராக்கள் வளவிலேயே நின்றன. உங்கள் உம்மா முற்றத்துக்கு வந்தால் முந்தானையை முகத்துக்கு இழுத்து மறைத்துக்கொண்டு கிணற்றுக்குப் போவார்.

இதை எத்தனை காலம் பார்த்துக்கொண்டிருப்பது? ஒருநாள் உறவுக்காரர் வீட்டு மௌலூது ஓதலுக்கு உங்கள் உம்மாவும் சாச்சியும் போயிருந்த முற்பகலில், ஹாஜியாரையும் கொண்டை இல்லாத ஆண் ஒன்றையும் பிடித்து அறுத்தேன். இறைச்சியைத் தெருவில் ஒரு ஏழை வீட்டுக்குக் கொடுத்தேன். இரண்டு தலையையும் வைத்துக்கொண்டேன். அந்தக் கொண்டைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக மனம் அரித்துக்கொண்டிருந்தது. அங்கே ஒன்றும் இராது, அது வெறும் இறகு, அதை உங்கள் உம்மாவிடம் காட்டலாம், கண்ணால் வந்தது என்கிற கதையெல்லாம் அதோடு போய்விடும் என்று நினைத்தேன்.

தலைகளை வேலியோரத்து எறும்புப் புற்றில் வைத்து, மேலே தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, கல் பாரம் வைத்தேன். எறும்பு தின்று முடிக்கக் கொஞ்ச நாள் எடுத்தது. பிறகு கழுவி, வெயிலில் காயவைத்து, மில்லுக்குப் பின்னால் உமிக் குவியலோரம் உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் கொண்டை இல்லாததைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு தாராவின் மண்டை ஓடு எவ்வளவு அழகாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். சொண்டு என்று நாம் சொல்வது முழுக்க எலும்புதான். மேலே மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். சொண்டின் ஓரத்தில் சீப்புப் பல் போல இருப்பது, சேற்றைக் கொப்பளித்துத் தீனியை மட்டும் உள்ளே நிறுத்துவதற்கு. அது தோலோடு கழன்றுவிடும், எலும்பில் நிற்காது. மூக்குத் துவாரம் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் வரை திறந்திருக்கும். தூக்கிப் பிடித்தால் அதன் ஊடாக வெளிச்சம் தெரியும். நெற்றியும் சொண்டும் சேரும் இடத்தில் எலும்பு தகடு போல மெலிந்து வளையும். நமக்குக் கீழ்த்தாடை மட்டும்தான் அசையும். தாராவுக்கு மேல்சொண்டும் கொஞ்சம் உயரும். கீழ்த்தாடையின் பின்முனை கொக்கி போல மேலே வளைந்திருக்கும். சேற்றுக்குள் வாயைத் திறக்கும் தசை அதில்தான் பிடித்திருக்க வேண்டும், அது என் யோசனை. கண்குழி இரண்டும் பெரிது. இரண்டுக்கும் நடுவே கடதாசி போல ஒரு மெல்லிய சுவர். அதற்குப் பின்னால் மூளை இருக்கும் கூடு, உரித்த பாக்கைவிடக் கொஞ்சம் பெரிது. கழுத்து நரம்பு இறங்கும் பெரிய துவாரத்துக்கு மேலே, இரண்டு பக்கமும் இரண்டு சிறிய துவாரங்கள் இருந்தன. அது படைப்பிலேயே உள்ளது போலும். பிறகு பார்த்த சாதாரணத் தாராத் தலைகளிலும் அப்படியே இருந்தது. ஆனால் கூட்டின் மேல்பக்கம் முழுக்க மூடி, வழுவழுவென்று, ஒரு கீறல் கூட இல்லை.

பிறகு ஹாஜியாரின் தலையை எடுத்தேன்.

கொண்டை இருந்த இடத்தில் எலும்பு இல்லை. மேலே, கொஞ்சம் பின்தள்ளி, என் சுண்டுவிரல் நுனி போகும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் விளிம்பு உடைந்த விளிம்பு அல்ல, வழுவழுப்பான விளிம்பு. உடைந்ததாக இருந்தால் எறும்போ நானோ உடைத்தோம் என்று மனதைத் தேற்றியிருப்பேன். அது பிறக்கும்போதே மூடாமல் விட்டது. எல்லோரும் சிரித்துப் பேர் வைத்த அந்தத் தொப்பி ஓட்டைக்கு மேலே இருந்த கொழுப்பு மெத்தை. இறகு அதன் மேல் முளைத்திருந்தது.

 ஒன்றும் இராது என்று காட்டத்தானே தலையைத் திறந்தேன். திறந்தால் என் பிள்ளையின் தலையில் இருந்தது இருக்கிறது. கிட்டத்தட்ட அதே இடம். சாச்சி சொன்னதை நானே தோண்டி எடுத்தது போல ஆகிவிட்டது. இரண்டையும் சாக்குத் துண்டில் சுற்றி, மில்லில் என் தராசுக்கு அடியில் வைத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

மாதக் கணக்கில் அதையே யோசித்தேன். மூட்டை நிறுக்கும்போதும் அதுதான், தொழும்போதும் அதுதான். செத்த குஞ்சுகளின் தலை ஏன் மூடவில்லை? முட்டைக்குள் கிடந்தது எதைப் பார்த்தது? அப்படியென்றால் வந்தது தாய் தகப்பனிடம் இருந்து. கொண்டைக்குக் கொண்டையைச் சேர்த்தபோது ஓட்டைக்கு ஓட்டையைச் சேர்த்திருக்கிறோம். அந்த மாவடிப்பள்ளிக்காரரும் நானும் நல்ல விதை என்று நினைத்தது அதைத்தான்.

இன்னொன்றும் யோசித்தேன். அந்தச் சிவப்புப் பேட்டுக்கோழி. அந்த முட்டைகளின் மேல் இருந்ததும் அது. எழும்ப முடியாமல் விழுந்து கிடந்த குஞ்சுகளைப் பகல் முழுக்கப் பார்த்து நின்றதும் அது. அதற்குப் பிறகு அதன் சொந்த முட்டைகளில் அடை இருந்து பொரித்த குஞ்சுகள் வளவில் ஓடித் திரிந்தன. ஒன்றுக்குக் கூடத் தலையில் குறை இல்லை. நான் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தடவிப் பார்த்தேன். சாச்சி அதைக் கண்டுவிட்டார்.

"என்ன மருமகன், மில்லுல நெல்லு நிறுத்தது காணாதெண்டு கோழிட தலய நிறுக்கத் தொடங்கிட்டீங்களா?"

நான் கோழிக்குஞ்சைக் கீழே விட்டேன். உங்கள் உம்மாவிடம் போனேன். அவர் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். எறும்புப் புற்று, இரண்டு மண்டை ஓடு, ஓட்டை, ஒன்றையும் மறைக்கவில்லை. பிறகு கோழியைச் சொன்னேன்.

"அது உன்ன விடக் கூடப் பாத்திச்சே புள்ள. நாள் முழுக்கப் பாத்திச்சு. அதுட குஞ்சுக்கு ஒண்டும் ஆகல்லியே. பாக்கிறதால வாறதெண்டா முதல்ல அதுக்குத்தானே வரணும்."

அவர் புடைப்பதை நிறுத்தினார். முற்றத்தில் நின்ற கோழியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த முகத்தில் ஏதோ இளகுவது போல இருந்தது. பிறகு கேட்டார்:

"கோழிக்கு யாரு என்ன சொன்ன மச்சான்?"

எனக்கு விளங்கவில்லை.

"அதுக்கு முதலே சொல்லல்லியே, பாக்காத எண்டு. எனக்குச் சொன்னாங்க. சொல்லியும் பாத்த நான்."

 நான் மறுபடியும் விதையைப் பற்றிச் சொன்னேன். கொண்டைக்குக் கொண்டை சேர்த்ததால் வந்தது, கண்ணுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொன்னேன். அவர் சுளகைக் கீழே வைத்தார்.

"அப்ப நம்மட புள்ளக்கி?"

"என்ன?"

"தாராக்கு அது தாய் தகப்பன்ட இருந்து வந்திரிக்கெண்டா, நம்மட புள்ளக்கி எங்க இருந்து வந்த? நீங்களும் நானும் ஒரே ரத்தம்தானே. நீங்க என்ட மாமாட மகன்தானே."

பிள்ளைகளே, நான் அவருடைய கண்ணில் இருந்த பழியை எடுக்கப் போய், எங்கள் இருவரின் இரத்தத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். கண் என்றால் மூடிக்கொள்ளலாம். இரத்தத்தை என்ன செய்வது? தாராவுக்கு நடந்தது மனிதனுக்கும் நடக்கும் என்று யார் சொன்னது, அந்த டொக்டரே தெரியாது என்றாரே என்று சொல்லிப் பார்த்தேன். தெரியாது என்பது ஆறுதலாக இருக்கவில்லை, அவருக்கும், எனக்கும். அன்றைக்குப் பிறகு பயம் எனக்கும் வந்துவிட்டது. முன்பு அவர் ஒருவர்தான் பயந்தார். இப்போது ஒரே வீட்டில் இரண்டு பேர்.

மிச்சத் தாராக்கள் ஒன்றொன்றாகப் போயின. கீரி பிடித்தது, நோய் வந்தது. குழிகளைக் குப்பையும் மண்ணும் போட்டு மூடினேன், புதுத் தென்னம்பிள்ளை வைத்தோம். வருடங்கள் போயின. உங்கள் உம்மாவுக்கு மறுபடியும் வயிற்றில் தங்கியபோது நாங்கள் அதை யாருக்கும் சொல்லவில்லை. சாச்சிக்குக்கூட நெடுநாள் தெரியாது. நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவும் இல்லை. பேர் தேடவில்லை. உடுப்புத் தைக்கவில்லை. அவர் தொழுகைப் பாயில் நீண்ட நேரம் இருப்பார். நான் தள்ளி நின்று பார்த்துவிட்டு மில்லுக்குப் போவேன்.

அப்போது நாட்டில் கலவரக் காலம் தொடங்கிவிட்டது. நோவு கண்ட அன்றைக்கு ஊரடங்கு போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. சாச்சி வளவுகளின் பின்பக்கத்தால் போய் மருத்துவிச்சியைக் கூட்டிவந்தார். நான் வெளியே நின்றேன். மத்தியானம் சாய்ந்த நேரம் பிள்ளையின் அழுகை கேட்டது. ஆனால் வேறு சத்தம் ஒன்றும் இல்லை. பிறகு உங்கள் உம்மாவின் குரல் கேட்டது. என்னைக் கூப்பிட்டார்.

பிள்ளை பிறந்த அறைக்குள் ஆண்கள் அந்த நேரத்தில் போவதில்லை. சாச்சி வாசலில் கையை நீட்டி மறித்தார். "உடுங்க சாச்சி," என்று உள்ளே இருந்து சொன்னார் உங்கள் உம்மா. "அவரு வரட்டும்." சாச்சி கையை எடுத்தார்.

உங்கள் உம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தார். பிள்ளையை அவர் இன்னும் பார்க்கவில்லை. மருத்துவிச்சி துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தார்.

"நல்லா இருக்கு, பாரு எண்டா திரும்புறாவில்ல," என்றார் அவர்.

"நீங்க தடவிப் பாருங்க மச்சான்," என்றார் உங்கள் உம்மா, சுவரைப் பார்த்தபடியே. "நீங்கதான் தலையெல்லாம் பாத்த ஆள். உங்களுக்குத்தான் தெரியும். பொய் சொல்லாதங்க."

நான் பிள்ளையைக் கையில் வாங்கினேன். வலது கையைத் தலையில் வைத்தேன். மேலே, உச்சியில், விரல் மெத்தென்று அமிழ்ந்தது. அதற்குக் கீழே துடித்தது.  என் விரல் அங்கேயே நின்றதைக் கண்டு மருத்துவிச்சி என் கையைப் பிடித்தார்.

"அது உச்சிக்குழி தம்பி. எல்லாப் புள்ளக்கும் இரிக்கிற. மறுகா மூடும். என்ன நீங்க, பயந்து புள்ளயப் போட்டுருவீங்க போல."

ஒவ்வொரு பிள்ளையும் அப்படி ஒரு திறப்போடுதான் பிறக்கிறது என்பது எனக்கு அன்றைக்கு வரை தெரியாது. முதல் பிள்ளையின் உச்சியை நான் தொட்டதே இல்லை. பின்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலைப் பின்னால் கொண்டுபோனேன், மெதுவாக, பிடரி வரை. எலும்பு இருந்தது. மறுபடியும் மேலே வந்து, மறுபடியும் இறங்கினேன். எங்கும் எலும்பு.

"இருக்கு புள்ள," என்றேன். "முழுக்க மூடியிரிக்கு."

"உண்மையா?"

"அல்லாஹ் மேல ஆணை, உண்மை."

அவர் திரும்பவில்லை.  பிறகு மிகவும் சின்னக் குரலில் கேட்டார்:

"அப்ப அவனுக்கு மட்டும் ஏன் மச்சான் இல்லாமப் போன?"

  பிள்ளையை அவருடைய தோளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டி, துணியைப் பிடித்து, தன் பக்கம் இழுத்தார். வாசலில் இருந்து சாச்சி, "ஆணா பொண்ணா எண்டு ஆரும் சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்கத் தோன்றவே இல்லை. மருத்துவிச்சிதான் சொன்னார்.

பெண். உங்கள் மூத்த ராத்தா.